இடது கை கீழே

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து போன முதல் கப்பல் அதுதான். தமிழும் தெலுங்கும் பேசியவர்களே அதில் அதிகம். பத்து நாள் கழித்துக் கல்கத்தாவிலிருந்து இன்னொரு கப்பல் இந்தி, போஜ்புரி பேசுபவர்களோடு வந்து சேர்ந்தது. பதிவேட்டை வைத்திருந்த வெள்ளைக்கார எழுத்தருக்கு எல்லாம் ஒன்றுதான். காதில் விழுந்ததை எழுதினார். முதலி ‘மூட்லி’ ஆனது அப்படித்தான். கவுண்டர்தான் ‘கோவெண்டர்’ ஆனார் என்பார்கள். வடக்கிலிருந்து வந்தவர்களின் சிவசங்கரும் சிவகுலாமும் அதே ஆங்கில எழுத்துகளில் சிக்கி ‘சியூசங்கர் சியூகோலம்’ ஆகிவிட்டன.

அந்தப் பெயர் கொண்ட ஒருவர் 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் கோல்ஃப் பட்டத்தை வென்றார். ஊரில் அவரைப் பாப்வா என்றுதான் கூப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர். டர்பனின் பீச்வுட் கிளப்பில் பணக்கார வெள்ளையர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமக்கும் கேடியாக இருந்தவர். (நம் ஊரில் ‘கேடி’ என்றால் போலீஸ் பட்டியலில் இருப்பவன். அவர் வாழ்க்கையின் பிற்பகுதியைப் பார்த்தால் அந்த அர்த்தமும் பொருந்திவிடுகிறது.)

பாப்வாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரு புகைப்படத்தில்தான் தொடங்குவார்கள்: 1963, நேட்டால் ஓப்பன், கொட்டும் மழை, கையில் கோப்பை. அந்தப் படத்துக்கு நானும் வந்தாக வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் அவர் கைகளைப் பார்த்துவிடுவது நல்லது. மழையில் நனைந்தவராகவே அவரை நினைவில் வைத்திருப்பதால் அவர் பந்தை எப்படி அடித்தார் என்பதே மறந்துபோய்விட்டது.

வீட்டில் நீளமான குடை இருந்தால் எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர் கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது இடது கை மேலே, கைப்பிடியின் நுனியில் இருக்கும். வலது கை அதற்குக் கீழே. கிரிக்கெட்டில் வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பிடிப்பதும் இப்படியே. இப்போது நிற்கும் திசையை மாற்றாமல் கைகளை மட்டும் இடம் மாற்றுங்கள். வலது மேலே, இடது கீழே. ஓங்கி வீசிப் பாருங்கள். முன்கைகள் இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும், தோள் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும், குடை எங்கேயோ போகும். எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே திருத்திவிடும் பிடி இது. பாப்வா கடைசிவரை இப்படித்தான் ஆடினார்.

திருத்த யாரும் இல்லை என்பதுதான் எளிய விளக்கம். உம்கேனி ஆற்றின் கழிமுகத்தை ஒட்டிய ரிவர்சைடு பகுதியில் ஏழைக் குடும்பத்தில் வளர்ந்தவர். மரக்கிளையைச் சீவிச் செய்த கம்புதான் முதல் மட்டை. கேடிச் சிறுவன் ஆட்டக்காரருக்கு எதிரே நின்று பார்க்கிறான். கண்ணாடியில் பார்ப்பதுபோல எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் அந்தப் பிடியை வைத்துக்கொண்டு அவர் எப்படி ஜெயித்தார் என்பதற்கு ஊகம் தேவையில்லை. வழக்கமான பிடியில் பந்தை அடித்த கணத்தில் வலது முன்கை இடது முன்கையின்மேல் உருண்டு போகும். அந்த உருளல் ஒரு நொடியின் சிறு துண்டு முந்தினாலோ பிந்தினாலோ பந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ வளைந்து ஓடிவிடும். கைகள் மாறியிருந்தால் மணிக்கட்டு அவ்வளவு உருள இடமில்லை. தூரம் கொஞ்சம் குறையும், மட்டையின் முகம் திரும்பாமல் இருக்கும். முழு வேகத்துக்குப் பதிலாக நேர்கோடு கிடைக்கிறது. கடற்காற்று அடிக்கும் டர்பன் மைதானங்களில் இது மோசமான பேரம் இல்லை.

இப்படிப் பிடித்தவர் உலகத்தில் அவர் ஒருவர் மட்டுமில்லை. அமெரிக்காவில் சார்லி ஓவன்ஸ் என்ற கறுப்பினத்தவரும் இதே பிடியோடு தொழில்முறைப் போட்டிகளில் வென்றிருக்கிறார். பயிற்சியாளருக்குக் கொடுக்கப் பணமில்லாத இடங்களில்தான் இந்தப் பிடி முளைக்கிறது. நம் நாட்டிலும் கேடிகளின் வரிசை ஒன்று இருக்கிறது. 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பா பெங்களூரில் பை சுமந்தவர். பணக்காரர்களின் ஆட்டம் என்று நாம் ஒதுக்கும் கோல்ஃபில், பந்தை நன்றாக அறிந்தவன் பையைச் சுமந்தவன்தான் என்பது பல ஊர்களில் திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு கேடிகளாலும் கோப்பையை வாங்க உள்ளே போக முடிந்தது.

பாப்வாவை வெளியே கொண்டுபோனவர் கிரஹாம் வுல்ஃப் என்ற வேதியியலாளர். இன்று ‘ஓலே’ என்ற பெயரில் நம் கடைகளிலும் விற்கும் முகப்பூச்சை 1950களில் டர்பனில் உருவாக்கியவர் இவர்தான். இவருடைய தொழிற்சாலையில் பாப்வா வேலை பார்த்தார். முதலாளி அவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 1959இல் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். ஒரு வெள்ளை முதலாளியின் தனிப்பட்ட தயவு. அது இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு விஷயமே இல்லை. அந்தக் காலத் தென்னாப்பிரிக்காவில் திறமைக்கும் வாய்ப்புக்கும் நடுவே இப்படி யாராவது ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. அந்த ஆள் நல்லவராக வாய்த்தது அதிர்ஷ்டம்.

அந்த ஆண்டு கோடையில் இரண்டு தென்னாப்பிரிக்கர்கள் ஐரோப்பாவில் வென்றார்கள். ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டில் 23 வயது கேரி பிளேயர் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். கோல்ஃபின் நான்கு பெரும் பட்டங்களை ‘மேஜர்’ என்பார்கள்; அவருக்கு அது முதல் மேஜர் பட்டம், பின்னால் இன்னும் எட்டு வரவிருந்தன. நெதர்லாந்தில் முப்பதை ஒட்டிய வயதுள்ள பாப்வா டச்சு ஓப்பனை வென்றார். இரண்டும் ஒரே எடையுள்ள பட்டங்கள் அல்ல, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் டச்சு ஓப்பன் சின்னப் பட்டமும் அல்ல. தென்னாப்பிரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் பாபி லாக் 1939இல் அதை வென்றிருந்தார். பின்னாளில் ஸ்பெயினின் செவே பாயஸ்டெரோஸ் ஐரோப்பியச் சுற்றில் பெற்ற முதல் பட்டமும் (1976) அதுதான். செவே மொத்தம் மூன்று முறை அதை வென்றார். பாப்வாவும் மூன்று முறை.

நெதர்லாந்து என்பதில் ஒரு குத்தல் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவை ஆண்ட ஆஃப்ரிக்கானர்களில் பலர் டச்சுக் குடியேறிகளின் வாரிசுகள். அப்போதைய பிரதமர், நிறவெறிக் கொள்கையின் சிற்பி ஹென்ரிக் ஃபெர்வூர்ட் பிறந்ததே ஆம்ஸ்டர்டாமில். ஃபெர்வூர்ட் பிறந்த நாட்டில் மூன்று முறை கோப்பை வாங்கிய மனிதரால், ஃபெர்வூர்ட் ஆண்ட நாட்டில் ஒரு கிளப்பின் வாசற்படி ஏற முடியவில்லை.

எந்தச் சட்டம் அவரைத் தடுத்தது? இதைத் தேடிப் போகிறவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. வெள்ளையரும் மற்றவரும் சேர்ந்து விளையாடக் கூடாது என்று நேரடியாகச் சொன்ன சட்டம் தென்னாப்பிரிக்காவில் இருந்ததில்லை. 1956இல் உள்துறை அமைச்சர் டோங்கஸ், விளையாட்டையும் இனவாரியாகத் தனித்தனியே நடத்த வேண்டும் என்று அறிவித்தார். அது கொள்கை அறிவிப்பு மட்டும்தான். வேலையைச் செய்தவை வேறு சட்டங்கள். எந்த இனம் எந்த நிலத்தில் இருக்கலாம் என்று 1950இன் குழுப் பகுதிகள் சட்டம் சொன்னது. கழிப்பறை, பெஞ்சு, கடற்கரை என்று ஒவ்வொன்றையும் 1953இன் தனி வசதிகள் சட்டம் பிரித்தது. ஆகவே ஒரு இந்தியர் மட்டையைப் பிடிப்பது குற்றமில்லை. அவர் எந்தப் புல்லின்மேல் நிற்கிறார், எந்தக் குழாயைத் திறக்கிறார், எந்த நாற்காலியில் உட்காருகிறார் என்பதில்தான் குற்றம் இருந்தது. இந்த அமைப்பின் சாமர்த்தியம் அதுதான். மறுக்க வேண்டுமென்றால் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கேட்டால், தடை எதுவும் இல்லையே, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஆடலாமே என்று சொல்லலாம்.

அனுமதிச் சீட்டு என்ற அந்தத் துண்டுக் காகிதம்தான் பாப்வாவின் தொழில் வாழ்க்கையை நடத்தியது என்று எனக்குப் படுகிறது. மற்ற ஆட்டக்காரர்கள் பருவத்தின் தொடக்கத்தில் போட்டிகளைக் குறித்து வைத்துக்கொண்டு பயிற்சி எடுப்பார்கள். இவர் ஒவ்வொரு போட்டிக்கும் அதிகாரிகளின் பதிலுக்குக் காத்திருந்தார். சீட்டு கிடைத்தாலும் அது ஆடுவதற்கு மட்டும். உடை மாற்றுவது, சாப்பிடுவது எல்லாம் கிளப் கட்டடத்துக்கு வெளியே. நிறவெறிக்கு எதிரான விளையாட்டு அமைப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த டென்னிஸ் புரூட்டஸ் போன்றவர்களுக்கு இந்தச் சீட்டு முறையே ஒரு பொறி. வாங்குகிறவர் அந்த அமைப்பை ஒப்புக்கொண்டவராக ஆகிறார் என்பது அவர்கள் வாதம். சரியான வாதம்தான். ஆனால் கோல்ஃப் தவிர வேறு எதிலும் காசு சம்பாதிக்கத் தெரியாத, எழுத்தறிவில்லாத ஒரு குடும்பஸ்தரிடம் அதைச் சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

1963இன் தொடக்கத்தில் நேட்டால் ஓப்பன் டர்பன் கண்ட்ரி கிளப்பில் நடந்தது. 1922இல் தொடங்கிய கிளப். கடலை ஒட்டிய மணல்மேடுகளின்மேல் அமைந்த மைதானம் தென்னாப்பிரிக்காவின் தலைசிறந்த மைதானங்களுள் ஒன்று. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளை ஆட்டக்காரர்களோடு பாப்வாவும் ஆடினார். ஜெயித்தார். பரிசளிப்பு நேரத்தில் மழை. வழக்கமாகக் கட்டடத்துக்குள் நடக்க வேண்டிய விழா. மற்றவர்கள் கூரைக்கு அடியில் நின்றார்கள், வென்றவர் வெளியே நின்று கோப்பையை வாங்கினார். அரசு வானொலி தன் ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. ஒரு இந்தியரின் வெற்றியை அறிவிக்க வேண்டிய சங்கடம் தீர்ந்தது. தொலைக்காட்சி அந்த நாட்டுக்கு வந்ததே 1976இல்தான் என்பதால் வானொலியை நிறுத்தினால் போதும், ஆட்டமே நடக்காததுபோல ஆக்கிவிடலாம். ஆனால் ஒரு கேமரா இருந்தது. அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது.

ஜன்னல் வழியாகக் கோப்பையை நீட்டினார்கள் என்று ஒரு வடிவம் உண்டு. வேண்டுமென்றே நனையவிட்டார்கள் என்று ஒன்று. விழாவை வெளியே வைத்தது சட்டத்துக்குப் பயந்துதான், அவமதிக்க அல்ல என்று கிளப்பின் பக்கம் பேசுகிறவர்களின் வடிவம் ஒன்று. ஜன்னல் கதையை நம்ப எனக்குத் தயக்கம் இருக்கிறது. அது வாய்வழியாக வரும்போது கூடிக்கொண்ட அலங்காரம்போலத் தெரிகிறது. மூன்றாவது வடிவம்தான் உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். அது கிளப்பைக் காப்பாற்றவில்லை, இன்னும் மாட்டிவிடுகிறது. யாருக்கும் அவர்மேல் தனிப்பட்ட வெறுப்பு இல்லாமலே ஒரு மனிதரை மழையில் நிறுத்த முடிந்தது என்பதுதானே அதன் பொருள்? கைதட்டியவர்கள்கூட இருந்திருப்பார்கள்.

அந்தப் படத்தில் இல்லாதது ஆட்டம்தான். கோல்ஃப் விசித்திரமான ஆட்டம். பெரும்பாலும் நடுவர் கூடவே நிற்பதில்லை. ஒவ்வொரு குழிக்கும் எத்தனை அடி என்று கூட ஆடுபவர் அட்டையில் எழுதுவார், ஆடியவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு எண் தவறினால் தவறியதுதான். 1968 மாஸ்டர்ஸ் போட்டியில் அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ, கூட ஆடியவர் ஒரு அடி கூட்டி எழுதியதைக் கவனிக்காமல் கையெழுத்திட்டார். அவ்வளவுதான், முதலிடத்துக்கான மறு ஆட்டம் கைவிட்டுப் போனது. எண்களை அவ்வளவு புனிதமாக வைத்திருக்கும் ஆட்டம். டர்பனில் அந்த எண்களை எழுதியவர்களும் கூட்டியவர்களும் வெள்ளையர்கள். குறைந்த எண் பாப்வாவின் அட்டையில் இருந்தது. வாசலை மூட முடிந்தவர்களால் அந்தக் கூட்டலை மாற்ற முடியவில்லை; மாற்ற நினைக்கவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதே 1963 ஜூலையில் இங்கிலாந்தின் லிதம் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓப்பன். அவர் வாழ்வில் ஆடிய ஆட்டங்களில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன். நியூசிலாந்தின் பாப் சார்ல்ஸ் வென்றார்; மேஜர் பட்டம் வென்ற முதல் இடக்கை ஆட்டக்காரர். ஜாக் நிக்லஸ் ஒரே அடியில் மறு ஆட்டத்தைத் தவறவிட்டு மூன்றாவது. கேரி பிளேயர் முதல் பத்துக்குள். பாப்வா 13ஆம் இடம். கோப்பையும் இல்லை, மழைப் படமும் இல்லை, அதனால் யாரும் இதைப் பேசுவதில்லை. கோல்ஃப் உலகின் மிகப் பழைய பட்டத்துக்காக அன்று இருந்த தலைசிறந்தவர்கள் மோதிய களத்தில், கைகளை மாற்றிப் பிடித்த ஒரு பழைய கேடி பன்னிரண்டு பேருக்கு மட்டும் பின்னால் முடித்தார். அனுமதிச் சீட்டு தேவைப்படாத மண்ணில் அவர் யார் என்பதற்கு இதைவிட நேரான அளவு கிடைக்காது.

1965இல் மறுபடி நேட்டால் ஓப்பன். இந்த முறை பாப்வா முந்தியது கேரி பிளேயரை. அதே ஆண்டு ஜூனில் அமெரிக்க ஓப்பனை வென்று, நான்கு மேஜர் பட்டங்களையும் கைப்பற்றிய மூன்றாவது மனிதராக ஆகவிருந்த பிளேயர். உலகின் முதல் மூன்று பேரில் ஒருவரைச் சொந்த நாட்டில் ஒரு இந்தியர் தோற்கடித்துவிட்டார். ஒரு முறை ஜெயித்தால் விதிவிலக்கு. இரண்டாம் முறை, அதுவும் பிளேயரையே வென்றால்?

அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே அரசு குழுப் பகுதிகள் சட்டத்தின் வலையைப் பொது அரங்குகளுக்கும் பார்வையாளர்களுக்கும் விரித்திருந்தது. அடுத்து பாப்வாவுக்கு உள்நாட்டுப் போட்டிகள் மூடப்பட்டன. கடவுச்சீட்டையும் எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கை பார்க்கக்கூட மைதானத்துக்குள் போக முடியாத நிலை. அடிக்கும் கை முப்பதுகளின் நடுவில் இருந்தது. கோல்ஃபில் அது முதிர்ந்து கனியும் வயது.

கேரி பிளேயரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1966இல் வெளியான தன் நூலில் ஃபெர்வூர்டின் தென்னாப்பிரிக்காவோடு தன்னை வெளிப்படையாக இணைத்துக்கொண்டார். 1969இல் அமெரிக்காவின் டேட்டனில் பி.ஜி.ஏ. போட்டியில் ஆடியபோது எதிர்ப்பாளர்கள் அவர்மேல் பனிக்கட்டியை வீசினார்கள். 1971இல் கறுப்பின ஆட்டக்காரர் லீ எல்டரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்து வந்து ஆடவைத்தார். பின்னர் தன் பழைய நிலைப்பாட்டைக் கைவிட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். மாறியது உண்மை என்றே நினைக்கிறேன். ஆனால் மாறுவதற்கு அவருக்கு நேரம் இருந்தது. நேரம் என்றால் அவருடைய விஷயத்தில் உலகம் முழுதும் சுற்றி ஆடிய இன்னும் பல பருவங்கள்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு இந்த இடத்தில் பாசில் டி’ஒலிவெரா நினைவுக்கு வருவார். கேப் டவுனின் கலப்பினத்தவர். 1960இல் இங்கிலாந்து போனார், அங்கேயே தங்கினார், 1966இல் இங்கிலாந்துக்காக டெஸ்ட் ஆடினார். 1968இல் ஓவல் மைதானத்தில் 158 ரன் அடித்தார். அவர் அணியில் வருவதைத் தென்னாப்பிரிக்கா ஏற்காததால் சுற்றுப்பயணமே ரத்தானது. அங்கிருந்து தொடங்கிய தனிமை 1991 வரை நீண்டது. பாப்வா ஏன் அப்படித் தங்கவில்லை என்று கேட்கலாம். மொழி, குடும்பம், படிப்பு என்று காரணங்களை அடுக்கலாம். எனக்குப் பெரிதாகத் தெரிவது ஆட்டத்தின் இயல்பு. கிரிக்கெட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் அணி முழுதும் அவரோடு வருகிறது. அவரை மறுத்தால் ஒரு நாட்டையே மறுத்ததாக ஆகிறது. கோல்ஃப் ஆட்டக்காரருக்கு அணி இல்லை. வாரத்துக்கு வாரம் ஊர் மாறி, தன் செலவில் விடுதியில் தங்கி, ஜெயித்தால்தான் காசு. பாப்வாவை மறுத்தபோது எந்த நாட்டின் சுற்றுப்பயணமும் ரத்தாகவில்லை. அவர் பெயர் பட்டியலில் இல்லாமல் அடுத்த போட்டி நேரத்துக்குத் தொடங்கியது.

1978 ஜூலையில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு ஐம்பது ஆகியிருக்கவில்லை. கையில் பணமும் இருக்கவில்லை. வாழ்க்கை வரலாறு நூலாக வந்தது 2005இல். எழுதியவர் கிறிஸ்டோபர் நிக்கல்சன், நீதிபதி. சட்டத்தால் மூடப்பட்ட வாழ்க்கையைத் திறந்து பார்த்தது சட்டம் படித்த ஒருவர் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. டர்பனில் உம்கேனி ஆற்றங்கரையில் ஒரு நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள், எழுத்தர்கள் தந்த அதே எழுத்துகளில்.

அவருடைய பிடி மட்டும் எப்படியோ தப்பித்து வந்துவிட்டது. இப்போது தொலைக்காட்சியில் பெரிய போட்டி ஏதாவது ஓடினால், பந்து குழியை நெருங்கி, ஆட்டக்காரர் மெதுவாகத் தட்டும் கட்டம் வரும்வரை பொறுத்திருந்து பாருங்கள். மூன்று மேஜர் பட்டங்கள் வென்ற அமெரிக்கர் ஜோர்டன் ஸ்பீத் அந்தக் கடைசித் தட்டலுக்குக் குனியும்போது அவர் கைகளைக் கவனியுங்கள். வலது மேலே, இடது கீழே. வர்ணனையாளர்கள் அதை ஒரு உத்தி என்கிறார்கள். பயிற்சியாளர்கள் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுக்கிறார்கள்.